விரைந்து எழுந்த நாவல்களும் அவற்றுக்கு உதவிய கருவிகளும்

விரைந்து பாடும் ஆற்றலைத் தமிழ்மக்கள் என்றும் பெருமையாகவே போற்றி வந்துள்ளனர். கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகையாகப் பகுத்த நம் முன்னோர், ஆசுகவியையே முதலில் வைத்து எண்ணினர். கொடுத்த பொருளில், கொடுத்த சொல்லை அமைத்து, கேட்ட கணத்திலேயே பாடி முடிப்பவன் ஆசுகவி. காளமேகப் புலவரின் பெயர் இன்றளவும் மக்கள் நாவில் வழங்குவதற்கு அவ்விரைவும் ஒரு காரணமன்றோ?

பாரதம் எழுதப்பெற்றதைப் பற்றி வழங்கும் கதையை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். வியாசர் சொல்ல, விநாயகர் தம் கொம்பை ஒடித்து எழுத்தாணியாக்கி எழுதினார் என்பர். எழுதுகோல் இடையில் நிற்கலாகாது என்பது விநாயகர் விதித்த நிபந்தனை. பொருள் உணராமல் ஒரு சொல்லும் எழுதலாகாது என்பது வியாசர் விதித்த மறுநிபந்தனை. கதையே ஆயினும் இதில் பெரியதோர் உண்மை பொதிந்துள்ளது. நெடிய நூல் ஒன்று விரைவாக உருப்பெற வேண்டுமாயின் சொல்வோன் ஒருவன் மட்டும் போதாது. கேட்டு எழுதுவோனும், இடைவிடாமை என்னும் ஒப்பந்தமும் உடன் வேண்டும்.

இக்காலத்தில் நெடுங்கதை கூறும் பொறுப்பு நாவலிடம் வந்து சேர்ந்துள்ளது. அந்நாவலின் முதல் வரைவை, அதாவது கரடுமுரடாயினும் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதப்பெற்ற கையெழுத்துப்படியை, விரைந்து முடிப்பதற்கு எவை உதவின என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். எழுதுகோல், தாள், அச்சு, தட்டச்சு, கணினி என்று விடை கூறுவது எளிது. வரலாற்றை ஊன்றி நோக்கினாலோ, இவையெல்லாம் ஏவலர்களே என்பதும், விரைவைத் தந்தவை வேறு மூன்று என்பதும் புலனாகும். அவை குறித்த நாள், கேட்கும் செவி, சேர்த்து வைத்த குறிப்பு என்பன.

ஓலையும் தாளும்

நம் மைசூரில் 1891 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கீழ்த்திசை நூலகம் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்போனது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அங்குக் கொணர்ந்து ஒப்படைத்த சுவடி ஒன்றில், மறைந்து போயிற்று என்று அறிஞர்கள் கருதியிருந்த கௌடலீயரின் அர்த்தசாத்திரம் இருப்பதை நூலகர் ருத்ரபட்டணம் சாமசாத்திரியார் 1905 ஆம் ஆண்டு கண்டறிந்தார். 1909 ஆம் ஆண்டு அது அச்சேறியது. தமிழ்நாட்டினின்றும் வந்த ஓலை மைசூரில் உயிர்பெற்ற வரலாறு இது.

ஓலை நீடித்து நிற்கும். ஆனால் விரைவுக்கு உரியதன்று. பனையோலையைப் பதப்படுத்தி, நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, மையிட்டுத் துடைத்தாலன்றி எழுத்துத் தெளிவாகத் தோன்றாது. கீறியதை அழித்து எழுதவும் இயலாது. ஆதலின் புலவர்கள் முதலில் மனத்திலே அமைத்தனர். பிறகே ஓலையில் ஏற்றினர். மனத்தில் நிற்பதற்கு யாப்பு துணை செய்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் (1815-1876) தலபுராணங்களைச் செய்யுளாகச் சொல்லச்சொல்ல, மாணவர் ஓலையில் எழுதி வந்த முறையை அவர்தம் மாணாக்கராகிய உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். ஓலையின் மந்தத்தை ஒரு மாணவனின் கையும் செவியும் வென்றதைக் காண்கிறோம்.

உரைநடையில் நாள்தோறும் இடையறாது எழுதும் பழக்கத்துக்குச் சிறந்த முன்னோடி புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கம் பிள்ளை ஆவார். 1736 ஆம் ஆண்டு தொடங்கித் தம் வாழ்நாளின் இறுதியை ஒட்டிய காலம் வரை, கால் நூற்றாண்டு அளவில், அவர் எழுதிய நாட்குறிப்புப் பல தொகுதிகளாக விரிந்துள்ளது. பேச்சு வழக்கும் கணக்கு வழக்கும் கலந்த அவ்வுரைநடை, ஒரு நாளைக்குச் சிறிதளவே எழுதினும் ஆண்டுகள் கூடக் கூட மலையாகும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

1835 ஆம் ஆண்டு மெட்காப் கொணர்ந்த சட்டத்துக்குப் பின்னர் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கின. தாளும் அச்சும் மலிந்த பிறகு, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 ஆம் ஆண்டு வெளிவந்து தமிழின் முதல் நாவல் என்னும் பெயர் பெற்றது. ஆயினும் எழுத்தாளனை இன்ன நாளில் எழுதியே தீர வேண்டும் என்று நெருக்கும் ஆற்றல் புத்தக அச்சுக்கு இல்லை. அவ்வாற்றல் பத்திரிகையோடு வந்தது.

குறித்த நாள்

பி.ஆர். ராஜமையர் தமது இருபத்தோராம் வயதளவில், 1893 ஆம் ஆண்டு, விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடராக எழுதத் தொடங்கி 1895 ஆம் ஆண்டு முடித்தார். 1898 ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதிலே அவர் மறைந்துவிட்டார். மாதந்தோறும் இதழுக்கு அனுப்பியாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லாதிருந்தால், அக்குறுகிய வாழ்நாளில் அந்நாவல் நமக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. இதற்கு மாறாக, பாரதியாரின் சந்திரிகையின் கதை 1921 ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கதை முடியும் முன் கதாசிரியன் முடிந்துவிடலாம் என்பதே விரைவின் தேவையை நமக்கு உணர்த்தும் பெரிய காரணம்.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899-1954) வாரப் பத்திரிகையின் நாயகர். 1941 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்கி இதழில் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகியவை தொடர்ந்து வந்தன. ஐந்து பாகங்களைக் கொண்ட பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வாரந்தவறாமல் வெளிவந்தது. அதே காலத்தில் அவர் தலையங்கம் எழுதினார், இசை விமரிசனம் எழுதினார், பொதுப்பணிகளிலும் ஈடுபட்டார். வாரம் பிறந்தால் அத்தியாயம் பிறந்தாக வேண்டும் என்பதே அவருக்கு வாய்த்த கடிகாரம்.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. உருசிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி கடன் தொல்லையால் பதிப்பாளர் ஒருவரோடு கொடிய ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவல் ஒன்றைத் தாராவிடில், அவர் எழுதும் நூல்களை ஒன்பது ஆண்டுகள் ஊதியமின்றி வெளியிடும் உரிமை அப்பதிப்பாளருக்குப் போய்விடும். ஒரு மாதமே எஞ்சியிருந்த நிலையில், அன்னா என்னும் சுருக்கெழுத்து மாணவியை அமர்த்தி, பகலில் சொல்லி எழுதுவித்து, 26 நாட்களில் சூதாடி என்னும் நாவலை முடித்தார். அடுத்த ஆண்டு அப்பெண்மணியே அவருக்கு வாழ்க்கைத் துணைவியும் ஆனார். குறித்த நாளும் கேட்கும் செவியும் ஒருங்கே அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கேட்கும் செவி

தமிழில் இம்முறைக்கு முதலிடம் பெறுபவர் ஓர் பெண்மணி. வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) ஆறு வயது நிரம்புமுன்னரே மணமுடிக்கப்பெற்றவர். பள்ளிக்கூடம் சென்று பயிலாதவர். எழுதும் பயிற்சி போதாத அந்நாளில், தாம் மனத்தில் புனைந்த இந்திர மோகனா என்னும் நாடகத்தைத் தம் தோழி பட்டம்மாளிடம் வாய்மொழியாகச் சொல்ல, அவர் எழுதினார். அந்நாடகம் 1924 ஆம் ஆண்டு அச்சில் வந்தது. மறு ஆண்டே ஜகன்மோகினி என்னும் இதழைத் தாமே ஏற்று நடத்தலானார். அவருடைய முதல் நாவலாகிய வைதேகி அவ்விதழில்தான் தொடராக வந்தது. வாழ்நாளில் அவர் படைத்த நாவல்கள் 115.

இங்கு ஒன்றை உற்று நோக்க வேண்டும். கோதைநாயகி அம்மாளுக்குக் கதை இல்லாமல் இல்லை. திருவல்லிக்கேணித் தெருக்களில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லி வந்தவர் அவர். அவருக்கு இல்லாதிருந்தது எழுதும் கை ஒன்றே. அக்குறையைத் தோழியின் கை நிறைவு செய்தவுடன் அணை திறந்த வெள்ளம்போல் கதைகள் வந்தன. எழுத்தறிவு வேறு, கதையறிவு வேறு என்னும் இப்பாடத்தை நம் குடும்பங்கள் மறத்தலாகாது. இதன் பயனைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

மைசூர் கண்ட எழுத்தாளர்

நம் நகரில் வாழ்ந்து உலகறிந்த நாவலாசிரியரானவர் ஆர்.கே. நாராயண் (1906-2001). தாய்மொழி தமிழாயினும் ஆங்கிலத்தில் எழுதியவர். தந்தையார் இங்குத் தலைமையாசிரியராகப் பணியேற்றமையால் குடும்பம் மைசூரில் குடியேறியது. சென்னையில் பிறந்து மைசூரில் வளர்ந்த அவரும் நம்மைப்போல் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தவரே.

மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றபின், 1930 ஆம் ஆண்டு செப்டம்பரில், பெங்களூரில் பாட்டியார் பார்த்துச் சொன்ன நல்ல நாளில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, அவர் தம் முதல் நாவலைத் தொடங்கினார். மால்குடி என்னும் ஊரும் அதன் சிறிய புகைவண்டி நிலையமும் அவ்வேளையில் மனக்கண்முன் தோன்றியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் கூறியுள்ளார். சுவாமியும் நண்பர்களும் என்னும் அந்நாவல் இலண்டனில் வெளிவந்தது 1935 ஆம் ஆண்டில்தான். பதிப்பாளர் பலர் மறுத்தபின், இனியும் மறுக்கப்பட்டால் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பருக்கு நாராயண் எழுதினார். அந்நண்பரோ படியைக் கிரஹாம் கிரீனிடம் சேர்ப்பித்தார், நூல் பிழைத்தது. எழுதி முடிக்கப்பெற்ற படி ஒன்று இருந்தமையால்தான் அது நண்பர் கைக்கும், அவர் வழியே கிரீனின் கைக்கும் போக முடிந்தது. எழுதாத நாவலுக்கு இத்தகைய நற்பேறு வாய்க்குமா?

அவருக்குக் கிடைத்த மற்றொரு பயிற்சி செய்தியாளர் தொழில். சென்னையிலிருந்து வந்த ஜஸ்டிஸ் நாளிதழுக்கு மைசூர்ச் செய்திகளை அவர் அனுப்பி வந்தார். காலையில் அங்காடியும் நீதிமன்றமும் சுற்றிச் செய்தி திரட்டி, பிற்பகல் அஞ்சல் எடுக்கப்படுமுன் எழுதிச் சேர்த்தாக வேண்டும். அச்சான அளவைக் கொண்டே ஊதியம். நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திராமல் நாள்தோறும் எழுதும் பழக்கத்தை இதனினும் நன்றாக எக்கல்லூரி கற்பிக்கும்? மைசூர்த் தெருக்களில் அவர் மேற்கொண்ட நெடிய நடை உலாக்களும் கருவியே ஆயின. கடைக்காரரும் கட்சிக்காரரும் வழக்கறிஞரும் பேசிய பேச்செல்லாம் மால்குடிக்குச் சென்று குடியேறின. 1941 ஆம் ஆண்டு அவர் நடத்திய இந்தியன் தாட் என்னும் இதழை அச்சிட்டுத் தந்த மைசூர் அச்சகத்தாரே, 1949 ஆம் ஆண்டு வந்த மிஸ்டர் சம்பத் நாவலின் தலைவருக்கு மூலமானவர் என்பர். யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த இல்லம் 2016 ஆம் ஆண்டு நினைவில்லமாகத் திறக்கப்பெற்றது.

கன்னட இலக்கியத்திலும் மைசூர் விரைவுக்குச் சான்று தருகிறது. திரிவேணி என்னும் புனைபெயர் கொண்ட அனசூயா சங்கர் (1928-1963) இந்நகரத்துப் பெண்மணி. 1953 ஆம் ஆண்டு முதல் நாவலை வெளியிட்ட அவர், அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ இருபது நாவல்களைப் படைத்து, முப்பத்தைந்து வயது நிரம்புமுன் மறைந்தார். பெண்களின் உள்நோயைக் கன்னடத்தில் அத்துணை நுட்பமாக எழுதியவர் முன்னர் அரியர். காலம் தாழ்த்தியிருந்தால் அவற்றுள் எத்தனை நூல் நமக்குக் கிட்டியிருக்கும்?

சேர்த்து வைத்த குறிப்பு

விரைவு என்பது வெறுங்கையோடு ஓடுவதன்று. கல்கி வாரம் ஒன்றுக்கு ஓர் அத்தியாயம் எழுதினார் என்றால், அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான சேமிப்பு இருந்தது. சிவகாமியின் சபதத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் மனத்தில் சுமந்திருந்ததாக அவரே கூறியுள்ளார். பொன்னியின் செல்வனுக்காக நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாறுகளைக் கற்றார். கல்வெட்டும் செப்பேடும் கூறுவனவற்றைக் குறித்துக்கொண்டார். ஓவியர் மணியத்தை உடனழைத்துக்கொண்டு இலங்கை வரை சென்று இடங்களை நேரில் கண்டார். எழுத அமர்ந்தபோது தேட வேண்டியது எதுவும் எஞ்சியிராமையாலேயே பேனா தடையின்றி ஓடியது.

குறிப்பின் ஆற்றல் ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் நின்றதை அமரதாரா காட்டுகிறது. அத்தொடர் முடியுமுன்னர், 1954 திசம்பர் 5 ஆம் நாள் கல்கி மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவர்தம் மகள் ஆனந்தி அந்நாவலை எழுதி முடித்தார். தந்தையின் குறிப்பு மகளின் கையில் நாவலாயிற்று.

வரலாற்று நாவலுக்குரிய இத்தகைய மூலப்பொருள் நம் ஊரிலேயே நெடுங்காலம் இருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு 1966 ஆம் ஆண்டு உதகையிலிருந்து மைசூருக்கு வந்தது. பல்லாயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் அதனுடன் வந்து இங்கே பாதுகாக்கப்பெற்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என 2021 ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 1969 ஆம் ஆண்டு மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளின் சொற்களையும் உரைகளையும் தொகுக்கும் பணியில் ஈடுபட்டு வருவது.

சொற்களைச் சேர்த்தலும் குறிப்பெடுத்தலே. கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு வழக்குகளைத் திரட்டி 1982 ஆம் ஆண்டு ஓர் அகராதியாகவே வெளியிட்டார். தம் மக்கள் ஏருக்கும் மண்ணுக்கும் மழைக்கும் உறவுக்கும் வழங்கிய சொற்களை அவர் கைவசம் வைத்திருந்தார். எழுதும்போது சொல்லுக்காக நின்று தேட வேண்டிய நிலை அத்தகையவர்க்கு வருவதில்லை.

பொறிகளின் வருகை

இனிப் பொறிகளைக் காண்போம். தமிழ் எழுத்துகள் 247. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகளே உள்ளன. இவற்றுள் நம் எழுத்தை அடக்குவது எங்ஙனம் என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. அதனைத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா. மேல்விலங்குக் குறியை அடிக்கும்போது தாள் நகராதவாறு செய்யும் நகரா விசையை அமைத்து, குறியும் மெய்யும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அவர் வழி கண்டார். பின்னர் 1978 ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா, னா முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கி, அச்சுக் கோப்போரின் சுமையைக் குறைத்தது.

கணினித் தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980 களில் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990 களில் இணையத்தில் தமிழ் ஏற அரும்பாடுபட்டார். 1999 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் விசைப்பலகை அமைப்பு அரசின் ஏற்பினைப் பெற்றது.

இவ்வரிசையை நோக்கும்போது உண்மை ஒன்று பளிச்சிடுகிறது. தமிழ் எழுதும் பொறிகளை ஆக்கியோருள் முன்நின்றவர் பலர் தாய்நிலத்துக்கு அப்பால் வாழ்ந்த தமிழரே. தாய்நிலத்தில் தெருவுக்கோர் அச்சகமும் எழுத்தரும் கிடைப்பர். அயலில் வாழ்வோனுக்கோ தன் மொழியை எழுதத் தானே ஒரு வழி காண வேண்டியிருக்கிறது. தேவையே அவர்களை ஆக்குவோராக்கியது என்பது நம் கருத்து. குடிபெயர்ந்தோர் என்று நாம் தாழ்வாக எண்ணற்க.

பொறி வந்தபின் வேகமும் கூடியது. 1980 களில் மாத நாவல்கள் பெருகிய காலத்தில் கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் போன்றோர் மாதம் சில நாவல் என எழுதிக் குவித்தனர். அவர் எழுதியவை ஆயிரத்தையும் கடந்தன. ஜெயமோகன் மகாபாரதத்தை அடியொற்றி வெண்முரசு என்னும் நாவல் வரிசையை 2014 ஆம் ஆண்டு தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக எழுதி வெளியிட்டு, 2020 ஆம் ஆண்டு 26 நூல்களில் நிறைவு செய்தார். அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டு தோன்றிய இயக்கம் ஒன்று, நவம்பர் மாதத்தின் முப்பது நாட்களில் 50,000 சொற்கள் எழுதுவதை நோன்பாக விதித்து, பல நாட்டு மக்களை எழுதத் தூண்டியது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள் என்பது அதன் கணக்கு. அவ்வமைப்பு 2025 ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆயினும் குறித்த நாளும் கூட்டுறவும் சேர்ந்தால் எளியோரும் எழுதுவர் என்னும் பாடத்தை அது விட்டுச் சென்றுள்ளது.

விரைவுக்கு ஊறும் உண்டு. வாரந்தோறும் நீட்ட வேண்டிக் கதையைத் தேவையின்றி வளர்த்த தொடர்கள் தமிழில் பல. முன் அத்தியாயத்தில் இறந்தவன் பின் அத்தியாயத்தில் தண்ணீர் கேட்கும் விபரீதமும் தொடர்கதைகளுக்குப் புதிதன்று. பொருள் உணராமல் எழுதலாகாது என்று வியாசர் விதித்த நிபந்தனை இதன் பொருட்டே போலும். முதல் வரைவு விரையட்டும்; திருத்தம் மெல்ல நடக்கட்டும். நெல்லை விரைந்து அறுத்துக் களம் சேர்ப்பது மழைக்கு அஞ்சி. தூற்றிப் புடைப்பதற்குப் பொழுது உண்டு.

நம்முன் உள்ள கடன்

இவ்வரலாறெல்லாம் நமக்கு எதன் பொருட்டு? பழைய மைசூர் அரசில் தமிழர் வந்து சேர்ந்த வழிகள் பல. இராமாநுசரின் திருவடி பற்றி மேல்கோட்டைக்கு வந்தோர் உண்டு. ரங்காசார்லு, சேஷாத்ரி ஐயர் ஆகிய திவான்களின் காலத்தில் அரசுப் பணிக்கு வந்தோர் உண்டு. வடஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் கோலார் தங்கவயலுக்குச் சென்று, மண்ணுக்கடியில் உழைத்து, 2001 ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்பட்டபோது வாழ்வை மாற்றிக்கொண்டோர் உண்டு. புகைவண்டிப் பணிமனைக்கும் ஆலைக்கும் கடைக்கும் வந்தோர் உண்டு. 1991 திசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டபோது அஞ்சிக் கழித்த இரவுகளையும், அடைக்கலம் தந்த அண்டை வீட்டாரையும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நாவலுக்குரிய பொருளன்றோ?

இவற்றை அறிந்தோர் முதியோர். அவர்களுள் பலர்க்குத் தமிழ் நாவில் உண்டு. எழுதும் வலிமை கையில் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கோ கன்னடமும் ஆங்கிலமும் எழுத வரும்; தமிழ் கேட்டால் விளங்கும், எழுத வராது. ஆக, சொல்லத் தெரிந்தோர்க்கு எழுதும் கை இல்லை. எழுதும் கை உடையோர்க்குச் சொல்லும் கதை தெரியாது. இவ்விரு தலைமுறையும் ஒரே இல்லத்தில் அமர்ந்திருக்கும் காலம் நீண்டதன்று. ஆண்டுதோறும் ஒரு சில குரல்கள் அடங்கி வருகின்றன. விரைந்து எழுதுதல் நமக்கு விளையாட்டன்று என்பது இதனால் விளங்கும்.

இதற்கு வழியும் வரலாற்றிலேயே உள்ளது. கோதைநாயகி அம்மாள் சொல்லப் பட்டம்மாள் எழுதியதுபோல், பாட்டி சொல்லப் பேரன் பதிவு செய்யட்டும். இன்றைய கைப்பேசி குரலைப் பதிவதோடு, தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கியும் தருகிறது. அதில் பிழை மலியும். வட்டார வழக்கில் இன்னும் மலியும். பிழை திருத்த அமரும் பேரன் அவ்வளவில் தமிழ் எழுத்தையும் கற்றுக்கொள்வான். இது கேட்கும் செவி.

உடன் ஒரு குறிப்பேடு வேண்டும். குடும்பத்தார் பெயரும் உறவும், வந்த ஊரும் ஆண்டும், முதலில் குடியிருந்த தெருவும் கொடுத்த வாடகையும், அந்நாளில் வழங்கிப் பிறகு மறைந்த சொற்களும் அதில் ஏறட்டும். கன்னடம் கலந்து நாம் பேசும் தமிழையும் வெட்கமின்றிக் குறித்து வைக்கலாம். அதுவும் நம் வரலாறே. எழுத அமரும்போது இக்குறிப்பேடு கையருகில் இருப்பின் பேனா நிற்காது.

குறித்த நாளையும் நம் ஊரே நமக்குத் தருகிறது. விசயதசமி மைசூரின் பெருவிழா. கல்வி தொடங்குதற்குரிய நாளும் அதுவே. அன்று தொடங்கித் தைப்பொங்கல் வரை ஏறத்தாழ 80 முதல் 110 நாட்கள் உள்ளன. நாளுக்கு 500 சொற்கள் என்றால் 90 நாட்களில் 45,000 சொற்கள் ஆகும். ஒரு சிறு நாவலின் முதல் வரைவுக்கு இது போதும். அவ்வளவு இயலாதோர் நாளுக்கு 300 சொற்கள் எழுதினும் ஓராண்டில் ஒரு லட்சத்தைக் கடந்துவிடலாம். சங்கத்தில் மாதம் ஒருமுறை கூடி எழுதியதைப் படித்துக் காட்டும் வழக்கம் ஏற்பட்டால், அடுத்த மாதம் வெறுங்கையோடு வர எவருக்கும் மனம் ஒவ்வாது. பத்திரிகைகள் அக்காலத்தில் செய்த பணியைச் சங்கங்கள் இன்று செய்யலாகும்.

தாய்மொழி தெலுங்காகிய கி. ராஜநாராயணன், தெலுங்கு நாட்டினின்றும் தமிழ்நாட்டில் வந்து குடியேறிய தம் மக்களின் கதையைக் கோபல்ல கிராமம் என்னும் நாவலாக 1976 ஆம் ஆண்டு தந்தார். அவர்கள் புறப்பட்டு வந்த வரலாறு அந்நாவலில் மூதாட்டி ஒருத்தியின் வாய்மொழியாகவே விரிகிறது. அதன் தொடர்ச்சியாகிய கோபல்லபுரத்து மக்கள் 1991 ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. வந்தேறிய மக்களின் கதையைத் தமிழ் உவந்து ஏற்றுக்கொண்டது. கன்னட நாட்டில் வந்து வேரூன்றிய தமிழ் மக்களின் கதையும் அவ்வாறே எழுதப்பெற வேண்டும். அதைச் சொல்லும் மூதாட்டி நம் இல்லங்களில் இன்றும் இருக்கிறார். அவர் சொல்லத் தொடங்கும்போது அருகில் அமர்ந்து எழுதுதல் நம் கடன்.